கோபத்துக்கு எத்தனை மார்க்

“என் கண் முன்னாடியே, என் ஜூஸை எடுத்து, ஒரு பொம்பளை வாயில வலுக்கட்டாயமா ஊத்தியிருக்கான். இவனுக்கு நான் மார்க் வேற போடணுமா?”

மூத்த தேர்வாளர் கொதித்துக்கொண்டிருந்தார். எதிரே, காலி டம்ளரும் கையுமாக நின்றார் இளம் மருத்துவர். அவர் பார்வை நாற்காலியில் சாய்ந்து கிடந்த பெண்ணை விட்டு நகரவில்லை.

சர்க்கரை நோய், ஹார்மோன் சிறப்பு மருத்துவர்களுக்கான இறுதித் தேர்வு அது. இந்த அறையில் சோதிப்பது படிப்பை அல்ல, பொறுமையை. நோயாளியாக நடிக்க ஒரு நாடக நடிகையை அமர்த்தியிருந்தார்கள். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தவளைச் சாப்பிடக்கூட விடாமல் காக்கவைத்துவிட்டீர்களே என்று அவர் சண்டை பிடிப்பார். தேர்வுக்கு வருபவர் பதறாமல், காது கொடுத்துக் கேட்டு, அவரைத் தணிக்க வேண்டும்.

முன்னால் வந்தவர்கள் எல்லாரும் தேனாகக் குழைந்தார்கள். “உங்க வருத்தம் எனக்குப் புரியுதும்மா” என்றார்கள். புரிந்ததற்கான மார்க்கை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இவர் நுழைந்தபோது நடிகை மேசையைக் குத்திக்கொண்டிருந்தார்.

“மனுஷங்களாய்யா நீங்கள்லாம்? போ வெளியில.”

இவர் வணக்கம் சொல்லவில்லை. தான் யார் என்றும் சொல்லவில்லை. நடிகையின் கையைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த நொடி தேர்வாளரின் மேசையிலிருந்த ஜூஸ் இவர் கையில் இருந்தது.

“கிட்ட வந்தே, கையை ஒடிச்சிடுவேன்.”

“குடிங்க. குடிச்சிட்டு ஒடிங்க.”

நடந்தது இவ்வளவுதான்.

“மூணாவது தடவையா வந்திருக்கே,” என்றார் தேர்வாளர். “இதுதான் கடைசி வாய்ப்புன்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா இந்த ரவுடித்தனம்?”

“ஏசி ஓடுற ரூம்ல அவங்க கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது சார். கை ஜில்லுனு நடுங்குது. கோபத்தை நடிக்கலாம். வேர்வையை எப்படி சார் நடிக்கிறது?”

“காலையிலேருந்து கத்தினா உனக்கும்தான்யா வேர்க்கும்.”

பக்கத்திலிருந்த பெண் தேர்வாளர் எழுந்து வெளியே ஓடினார். சர்க்கரை நிபுணர்களைத் தேர்வு செய்யும் மாடியில் சர்க்கரை பார்க்கும் கருவி இல்லை. கீழே பிரசவ வார்டில் கடன் வாங்கிக்கொண்டு வந்து, நடிகையின் விரலில் குத்தினார்.

“நாற்பத்தெட்டு. அதுவும் ஜூஸ் குடிச்சப்புறம்.”

எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. அந்த அறையில் அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு டம்ளர் ஜூஸ் நடிகைக்குப் போனது.

மூத்த தேர்வாளர் கொஞ்சம் இறங்கிவந்தார். குரல் மட்டும் இறங்கவில்லை.

“சரி, காப்பாத்திட்டான். சந்தோஷம். ஆனா இங்க கேட்ட கேள்வி அது இல்லையே? நோயாளி சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கறானாங்கறதுதான் கேள்வி. இவன் ஒரு வார்த்தை கேக்கல. கேக்கத் தெரியாதவன் என்ன டாக்டர்? ஃபெயில்னு போடுங்க மேடம்.”

மேடம் பேனாவைத் திறக்கவில்லை.

தேர்வாளரின் எரிச்சல் முழுவதும் நடிகை மேல் திரும்பியது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, நிஜமாவே சுகர் இருக்குன்னா முன்னாடியே வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? நாங்க என்ன ஜோசியமா பாக்கறோம்?”

“சொன்னேனே சார்,” என்றார் நடிகை, இப்போது துளியும் கோபமில்லாமல். “ஊசி போட்டிருக்கேன், சாப்பிட விடுங்கன்னு டீ இடைவேளையில உங்ககிட்டதான் வந்து கெஞ்சினேன். ‘பிரமாதம்மா, வசனம் உயிரோட வருது, உள்ள போய் இதையே பேசுங்க’ன்னு அனுப்பிட்டீங்க.”