சகலையின் மீட்டர்

“மீட்டர்காரர் இருக்காரா?”

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் சைக்கிள் பந்தயக் குழுவின் கோச் கேட்ட முதல் கேள்வி இதுதான். மூத்த மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. குத்துக்கல் மாதிரி எதிரே நிற்கிற தான் கண்ணில் படவில்லையாம்!

மாமனார் கடையில் பன்னிரண்டு வருஷமாகச் சக்கரம் கட்டுகிறவர். ஸ்போக்ஸ் கம்பியை நகத்தால் சுண்டி, சத்தத்தை வைத்தே முறுக்கு சரியா என்று சொல்லிவிடுவார். அவர் முதன்முதலில் கட்டிய சக்கரம் இன்னும் சுவர் ஆணியில் தொங்குகிறது. அதை இப்போது யார் பார்க்கிறார்கள்?

போன மாசம் வேலைக்குச் சேர்ந்த சகலை, கம்பியின் முறுக்கை அளக்க உள்ளங்கை அளவில் ஒரு மீட்டர் வாங்கி வந்தான். அவ்வளவுதான், ஊரே அவன் பின்னால்.

வீட்டிலும் அதே பாட்டு. “தங்கச்சி வீட்டுக்காரர் ஒவ்வொரு கம்பியையும் அளந்து எழுதி வெக்கிறாராமே. நீங்களும் ஒண்ணு வாங்கினா என்ன?”

“பந்தயத்துக்கு ஆறு சக்கரம் வேணும்” என்றார் கோச்.

“ரெண்டு மாப்பிள்ளைங்களும் நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு கட்டட்டும். உங்களுக்கு எது பிடிக்குதோ, மொத்த வேலையும் அந்தக் கைக்குத்தான்” என்றார் கல்லாவில் இருந்த மாமனார்.

சாயங்காலம் சகலை டீ குடிக்கப் போனான். மூத்தவர் மீட்டரை எடுத்து, அதன் திருகை அரைச் சுற்று திருப்பி வைத்தார். இனி தொய்ந்த கம்பியையும் முறுக்காகத்தான் காட்டும். சக்கரம் தொளதொளக்கும், மானம் போகும். போகட்டும்! மனசு குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் கோச் இரண்டு சக்கரங்களையும் சுற்றிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார்.

“ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல! எதை எடுக்கிறதுன்னே தெரியல.”

மூத்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயை அடக்க முடியவில்லை.

“மீட்டரு... சரியாத்தான் காட்டிச்சா?”

“இல்லண்ணே, காலையில தப்பாத்தான் காட்டிச்சு. அதைத் திருத்திட்டுத்தான் வேலையில கை வெச்சேன்.”

“தப்புன்னு எப்படித் தெரிஞ்சுது?” என்றார் கோச்.

சகலை சுவர் ஆணியைக் காட்டினான்.

“தினமும் கடை திறந்ததும் முதல்ல அந்தச் சக்கரத்தைத்தான் அளப்பேன் சார். முள்ளு கொஞ்சம் விலகினாலும் கோளாறு மீட்டர்லதான். அண்ணன் கட்டினதுல இருக்காது.”