பக்கச்சுவர்

மரச்சட்டத்துக்குள் சோள மணிகளைப் போல அடுக்கியிருந்த பிளாஸ்டிக் வில்லைகளை மேலிருந்து அழுத்தினேன்.

விசாரணை அறையின் விளக்குகளை அணைத்திருந்தார்கள். சட்டத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு வெளிச்சம். முன்னும் பின்னும் ஒளியை வடிகட்டும் தாள்கள்.

சும்மா கிடக்கிற வில்லை இருட்டாகத் தெரியும். சுமை வாங்குகிற வில்லை மட்டும் வரிவரியாக ஒளிரும்.

ஒளி வில்லைக்கு வில்லை தாவிக் கீழே இறங்கியது. பாதி வழியில் கிளை பிரிந்து பக்கச்சுவரில் போய் முட்டியது.

ஆலையின் சோளத் தொட்டியும் இப்படித்தான் வெடித்தது. சுவர் வெளிப்பக்கமாகப் பிதுங்கிக் கிழிந்தது. கீழே நின்ற இரண்டு பேர் சோளத்துக்குள் மூச்சுமுட்டிச் செத்துப்போனார்கள்.

லாரியைப் பின்னால் எடுத்து என் அண்ணன்தான் இடித்துவிட்டான் என்கிறது ஆலை. இடித்தான் என்று முடிவானால் அவனுக்குச் சிறை.

"எடை நேரா தரைக்குத்தான் போகும். சோளம் என்ன தண்ணியா, பக்கவாட்டுல தள்ள?" என்றார் ஆலை அழைத்து வந்திருந்த நிபுணர்.

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"பாப்பா காட்டுறது கலர் கலரா அழகாத்தான் இருக்கு. எவ்வளவு விசைன்னு இதுல எப்படித் தெரியும்?"

பின் வரிசையிலிருந்து அண்ணன், "விடும்மா, வா போலாம்" என்றான்.

விடவில்லை.

தெரிந்த எடையை ஒற்றை வில்லையின்மேல் வைத்து முதலில் படமெடுக்க வேண்டும். பிறகு வில்லைகள் தொடும் இடங்களில் வரிகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பார்த்து, அந்தப் படத்தோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் எவ்வளவு விசை என்று கணக்கிட்டுவிடலாம்.

இவ்வளவையும் விசாரணை அதிகாரியிடம் சொல்லி முடித்தேன்.

அவர் கேட்டார்: "எடை பக்கவாட்டுலயும் தள்ளும்னு உனக்கு யார் சொன்னது?"

நிபுணர் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். அவருக்கு என் முகம் நினைவிருக்க வழியில்லை. கல்லூரியில் மூன்று வருடமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். அவர் வகுப்பில் ஒருமுறைகூடக் கை தூக்கியதில்லை.

இப்போது தூக்கினேன். அவர் பக்கம் நீட்டினேன்.

"சார்தான். எடை நேரா தரைக்குத்தான் போகும்னு நான் பரீட்சைல எழுதினேன். முட்டை போட்டாரு."