கையை விடாதவன்

எஃப்ராயின் பிடிய விடவே இல்ல. நாற்காலில உக்காந்ததுலேருந்து பொண்டாட்டி நூபியாவோட மணிக்கட்ட இறுக்கிப் புடிச்சிருந்தான். விரல் பட்ட எடமெல்லாம் சிவந்துபோய், அதுக்குப் பக்கத்துல பழைய கன்னிப்போன தடம் ஒண்ணும் பச்சையாத் தெரிஞ்சுது.

மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்த மார்லேன் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தா.

கொலம்பியாவுல புக்கராமங்காங்கற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியோட அஞ்சாவது மாடி அது. திடீர் திடீர்னு பீதி வந்து ஆட்டற நோய் இருக்கறவங்க தாங்களே நிரப்பற கேள்வித்தாள் ஒண்ணு ஸ்பெயின்லேருந்து வந்திருந்தது. அது கொலம்பியா ஜனங்களையும் சரியா அளக்குதான்னு சோதிக்கறதுதான் மார்லேனுக்கு வேலை.

பேர் கேக்கறதில்ல. நோயாளிக்குக் குடுக்கற சீட்டுல நம்பர் மட்டும்தான். பதில் நோயாளியோடதா இருக்கணும், அடுத்தவங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. இந்த மாசம் மட்டும் மூணு தாளக் கிழிச்சுப் போட்டிருந்தா. மூணுலயும் பொண்டாட்டிக்குப் பதிலாப் புருஷன் எழுதியிருந்தான்.

இப்ப நாலாவது. சீட்டு நூபியாகிட்ட இருந்துச்சு. கேள்வித்தாளும் பேனாவும் அவகிட்டதான். பதில் மட்டும் அவன் வாயிலேருந்து வந்துச்சு.

"போன வாரத்துல, செத்துடப் போறோம்னு திடீர்னு பயம் வந்துச்சா?" நூபியா தணிஞ்ச குரல்ல படிச்சா.

"நாலு போடு."

நாலுதான் உச்சம். நெஞ்சு அடிச்சுக்கறதுக்கும் நாலு, மூச்சு முட்டறதுக்கும் நாலு. மார்லேன் இதுவரைக்கும் பாத்த புருஷங்க எல்லாத்துக்கும் பூஜ்யம் போடச் சொல்வாங்க, எங்க வீட்டுல ஒரு கொறையும் இல்லம்மான்னு. இவன் வேற ரகம். பொண்டாட்டியப் பைத்தியம்னு காகிதத்துல ஏத்திட்டு, வீட்டையும் புள்ளைங்களையும் புடுங்கிக்கற ரகம்.

அவன் சட்டை முதுகோட ஒட்டிக் கெடந்துச்சு. வேர்வ நாத்தம் மேசையத் தாண்டி வந்துச்சு. லிஃப்ட் நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போது அஞ்சு மாடியும் அந்தப் பொண்ணப் படியிலயே ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்கான்.

கொஞ்ச நேரம் வெளிய இருங்கன்னு மார்லேன் மரியாதையாத்தான் சொன்னா. அவன் அசையல. ரெண்டாந்தடவ சொன்னதும் நாற்காலிய இன்னும் நெருக்கிப் போட்டுக்கிட்டான்.

"இவ இல்லாம நான் எங்கயும் போறதில்லங்க, டாக்டரம்மா."

"அப்ப கக்கூஸுக்கும் கூடவேதானா?"

அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். "கதவுக்கு வெளிய நிக்கறதுதான்."

அதச் சொல்லும்போது வெக்கம் வேற. மார்லேனுக்குக் காறித் துப்பணும்போல இருந்துச்சு.

நூபியா வாயத் தொறந்தா. "டாக்டரம்மா, அது வந்து..."

"நீங்க சும்மா இருங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

இந்த "அது வந்து"வ எத்தன பொண்ணுங்க வாயால கேட்டிருப்பா மார்லேன். அடிச்சவனுக்கே வக்காலத்து வாங்குவாங்க. அவரு நல்லவருதான், கோவம்தான் கொஞ்சம் ஜாஸ்தின்னு ஆரம்பிப்பாங்க. அதக் கேக்க அவளுக்குத் தெம்பு இல்ல.

வராந்தாவுல நின்ன காவக்காரர் வில்மரக் கூப்பிட்டா. இந்த ஆளக் கீழ கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கடுங்காப்பி வாங்கிக் குடுங்க, நான் சொல்ற வரைக்கும் மேல விடாதீங்கன்னா. வில்மர் வாட்டசாட்டமான ஆளு. எஃப்ராயினோட விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தாரு.

அவன் கத்தல, சண்ட போடல. ஒதடு வெளுத்துப்போயி, "நூபியா, நூபியா"ன்னு ரெண்டு தடவ மட்டும் சொன்னான். நல்லா நடிக்கிறான்னு நெனச்சுக்கிட்டா மார்லேன்.

நூபியா பின்னாலயே எந்திரிச்சா. மார்லேன் அவ தோளப் புடிச்சு அழுத்தி உக்கார வெச்சா. அவ என்னவோ சொல்ல வந்தத, ஒண்ணும் ஆகாதும்மா, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லியே அமுக்கிட்டா. வெளிய லிஃப்ட் கதவு தொறந்து மூடற சத்தம் கேட்டுச்சு.

மார்லேன் பழைய தாள நாலாக் கிழிச்சுக் கூடையில போட்டா. புதுசு ஒண்ண எடுத்து நூபியா முன்னால வெச்சு, பேனாவையும் அது மேல வெச்சா.

"இனிமே அவன் இல்ல. உங்க மனசுல உள்ளத நீங்களே எழுதுங்க. எவனுக்கும் பயப்பட வேணாம்."

நூபியா தாளத் தொடல. காது வாசல் பக்கமே இருந்துச்சு. லிஃப்டுக்குள்ளேருந்து யாரோ ரெண்டு கையாலயும் தகரத்த அறையற சத்தம் வந்துச்சு. வில்மரோட கூப்பாடும் சேந்து கீழ கீழ எறங்கிப்போச்சு.

நூபியா எந்திரிச்சா. இந்தத் தடவ மார்லேனோட கையத் தட்டி விட்டா.

"நோயாளி அவருங்க. நான் தொணைக்கு வந்தவ."