மாற்றுக்கு ஒரு தகரத்தோணி

பிலிப்பருக்கு இந்த வயதில் பேராசை பிடித்துவிட்டது என்று ஜெயராஜா முடிவு கட்டிவிட்டார்.

பின்னே என்ன? எழுபதுகளில் வெளிநாட்டு விளையாட்டுச் சாமான் வராமல் நின்றபோது, தன்னாமுனையில் வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட்டு, தகரத்தில் பொட்டுவெடித் துவக்கு என்னும் விளையாட்டுத் துப்பாக்கி செய்து விற்ற மனிதர் அவர். மட்டக்களப்புப் பக்கம் எந்தத் திருவிழாவிலும் அவருடைய துவக்குத்தான் வெடிக்கும். பிடியில் மீன் முத்திரை இருக்கும். அதே ஆள் இப்போது, இந்தச் சண்டைக்காலத்தில், சைக்கிளில் வீடு வீடாகப் போய் அவற்றைத் திரும்ப வாங்குகிறார். மாற்றுக்குக் கையளவு தகரத்தோணி ஒன்று கொடுக்கிறார்.

ஜெயராஜாவுக்கு வயிறு எரிந்தது. டவுனில் கந்தோர் கிளாக்கரான அவருக்கு அந்தத் துவக்குகளைத் தேடிச் சேர்ப்பதில் ஒரு பைத்தியம். மொத்தம் ஆறு வகை. ஐந்து கிடைத்துவிட்டது. கறுப்புப் பெயின்ற் அடித்த நீளக்குழல் மட்டும்தான் பாக்கி.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் நேரே பிலிப்பர் வீட்டுக்குப் போனார்.

"நீளக்குழல் ஒண்டு இரிக்கா? விலையச் சொல்லுங்க."

"இல்ல தம்பி. இருந்தாலும் தரமாட்டன்."

"ஏன்?"

"இது இப்ப வீட்டுல வெச்சிரிக்கிற சாமானில்ல. உங்களிட்ட அஞ்சு இரிக்காமே? அதையும் கொண்டு வாங்க. அஞ்சு தோணி தாறன்."

"நான் என்ன, தோணி விட்டு விளையாடுற சின்னப்புள்ளயா?"

எல்லாவற்றையும் பொறுக்கி வைத்து வெள்ளைக்காரனுக்கு விற்கப்போகிறார், அவ்வளவுதான். படலையைச் சாத்தக்கூட மறந்து வெளியே வந்தார் ஜெயராஜா.

அதிர்ஷ்டம் பாருங்கள், இரண்டு வீடு தள்ளி மார்கிறட்டின் பெட்டகத்தில் அந்த நீளக்குழல் கிடந்தது. வாவியில் வலை போடுகிற அவள் புருஷன் பீற்றிஸ் சின்ன வயதில் வைத்து விளையாடியதாம்.

"நாளைக்கு வந்து எடுக்கிறன் எண்டு பிலிப்பு மாமா சொன்னவர், ஐயா."

"அவருக்குக் குடுத்திராதீங்க. நான் சனிக்கிழமை வந்து எடுக்கிறன். அவர விட நல்லாத் தருவன்."

"அப்ப இப்பவே கொண்டு போங்களன்."

ஜெயராஜா துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயின்ற்கூட உரியவில்லை. தள்ளி நின்று பார்த்தால் அசல்தான்.

"வழியில செக்பொயின்ற் இரிக்கு, புள்ள. இதோட மாட்டினா என்ட உத்தியோகம் போயிரும். உங்கட வீட்டுலயே இரிக்கட்டும்."

சொல்லும்போது அதில் ஒரு பிழையும் அவருக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை விடியத் தன்னாமுனையில் இராணுவச் சுற்றிவளைப்பு. மார்கிறட்டின் பெட்டகத்தையும் திறந்தார்கள். விளையாட்டுச் சாமானாக இருந்தால் என்ன, அதைக் காட்டி மிரட்டிக் கொள்ளையடிக்கிறவர்களும் இருக்கிறார்களே என்று பீற்றிஸை முகாமுக்கு ஏற்றிப் போனார்கள்.

மதியத்துக்குள் செய்தி கந்தோருக்கு வந்தது. ஜெயராஜா போய், "அது நான் வைக்கச் சொன்னது" என்று சொன்னாரா? எங்கே! சுகமில்லை என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார். படலை சத்தம் கேட்கும்போதெல்லாம், மார்கிறட் தன் பெயரைச் சொல்லிவிட்டாளோ என்றுதான் நடுங்கினார். பீற்றிஸை என்ன செய்கிறார்களோ என்று ஒருதரமும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை பீற்றிஸை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மனிதருக்கு உயிர் வந்தது. பிஸ்கட் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

பீற்றிஸ் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வீங்கிக் கிடந்த முதுகைக் கண்டதும் ஜெயராஜா கண்ணை எடுத்துக்கொண்டார். கூச்சத்தில் பிஸ்கட் பெட்டியை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா, ஐயா?"

மார்கிறட் வழமைபோலவே கேட்டாள். ஏசியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

"வேணாம் புள்ள. எப்பிடி விட்டாங்க?"

"பிலிப்பு மாமாதான் என்னோட முகாமுக்கு வந்தார். மிச்சமிருந்த தோணியெல்லாத்தையும் அவங்கட மேசையில கொட்டி, மீன் முத்திரையக் காட்டி, எல்லாம் தான் செஞ்ச விளையாட்டுச் சாமானெண்டு விளங்கப்படுத்தினார்."

"தோணியில மீன் முத்திரையா?"

அவள் ஒரு சீலைத்துண்டை அவிழ்த்து நீட்டினாள். உள்ளே ஐந்து தகரத்தோணிகள்.

"இது உங்களுக்கெண்டு முகாமில வெச்சுத் தந்தவர். உங்கட அஞ்சுக்கும் மாத்தாம்."

ஜெயராஜா ஒன்றை எடுத்துத் திருப்பினார். அடியில் மீன் முத்திரை. துவக்குப் பிடித் தகரத்தை நிமிர்த்தித் தட்டிச் செய்த தோணி. வாங்கியதில் ஒன்றைக்கூடக் கிழவர் துவக்காக விட்டுவைக்கவில்லை. விற்பதற்கு அவரிடம் என்ன இருந்தது?

ஜெயராஜாவுக்குத் தன்னை நினைக்கவே வெட்கமாக இருந்தது. சட்டென்று எழுந்தார்.

"நான் பிலிப்பர்ட வீட்ட போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாறன், புள்ள."

"அவர் வீட்டுல இல்லயே, ஐயா."

மார்கிறட் அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இந்தத் துவக்க ஆர் இஞ்ச வெக்கச் சொன்னதெண்டு முகாமில கேட்டாங்க. உங்கட பேரு என்ட வாய் வரைக்கும் வந்திட்டு. அதுக்குள்ள மாமா முந்திக்கிட்டு, 'நான்தான்' எண்டிட்டார். இவர விட்டுட்டாங்க, அவர் இன்னும் வரல்ல."