எதிர்க்கடை நியாயம்

“லென்ஸ் போட்டு வாங்கிட்டு வான்னு அனுப்பினா, சித்தப்பாவோட மூளையையும் சேர்த்துப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிற.”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மகளைப் பார்த்து இப்படிச் சொன்னபோது, கடையில் வாடிக்கையாளர் எவரும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பார். அவ்வளவு எரிச்சல்.

காரணம், ஊர்ச் சந்தை. அதை ஊருக்கு வெளியே மாற்ற வேண்டும் என்பது அவருடைய கட்சி. மாற்றவே கூடாது என்பது அவருடைய தம்பியின் கட்சி. அண்ணன் கண்ணைச் சோதிப்பார், தம்பி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவார் என்று ஒரே கூரையின்கீழ் ஒழுங்காக நடந்த தொழில், போன தேர்தலில் இரண்டாகப் பிளந்தது. தம்பி தம்முடைய இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போய்விட்டார்.

ஆனால் அவருக்குக் கண் சோதிக்கத் தெரியாது. இவருக்கு லென்ஸ் தேய்க்கத் தெரியாது. ஆகவே பேச்சு நின்றதே தவிர, தொழில் நிற்கவில்லை. பதினோராம் வகுப்பு மகள் பள்ளி விட்டதும் வந்து, ஃபிரேம்களை எடுத்துக்கொண்டு சாலையைக் கடப்பாள். லென்ஸ் பொருத்தியதும் திரும்புவாள்.

கொஞ்ச நாளாகக் கண்ணாடியோடு கருத்தும் திரும்பி வந்தது. அதுதான் வினை.

“வயசானவங்க நடந்து போய்க் காய் வாங்கற சந்தைப்பா அது. ஊருக்கு வெளியில கொண்டுபோய் வச்சா அவங்க என்ன செய்வாங்க?” என்று இன்றும் ஆரம்பித்தாள்.

அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது அவர் குரலை உயர்த்துவது வழக்கம், உயர்த்தினார். மற்றப் பெண்களெல்லாம் சினிமா பேசுகிற வயதில் இவள் நகராட்சிக் கூட்டத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மனைவியிடமும் குறைபட்டிருந்தார். அவருடைய உண்மையான பயம் வேறு. தம்பி போனான்; இப்போது மகளும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள்.

“இனிமே நீ அங்க போக வேண்டாம். நானே போறேன்.”

“சரிப்பா” என்று உடனே அடுத்த ஃபிரேமை நீட்டினாள். ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

பிரிந்தபின் முதன்முறையாகத் தம்பியின் கடைப்படியில் ஏறினார். ‘என் பொண்ணை விட்டுடு’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சாலை நெடுகிலும் மென்றுகொண்டே வந்திருந்தார்.

தம்பி இயந்திரத்தை நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். அவர்தான் முந்திக்கொண்டார்.

“நானே வரணும்னு இருந்தேண்ணே. சண்டை போடணும்னா நீ வந்து போடு. சின்னப் பொண்ணைத் தயார் பண்ணியா அனுப்புவ?”

“நான் தயார் பண்ணினேனா?”

“பின்னே? தினமும் இங்க உக்காந்து உன் கட்சிக்கு வக்காலத்து வாங்கறா. நான் ஒண்ணு சொன்னா அவ ரெண்டு சொல்றா. சந்தைத் தெருவுக்குள்ள ஆம்புலன்ஸ் நுழைய முடியலைன்னு நீ சொன்னியாமே. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.” இயந்திரத்தைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டு, “நியாயம்தான்” என்றார்.

ஆம்புலன்ஸ் அண்ணனுடைய வாதம்தான். சாப்பிடும்போது மகளைப் பார்த்துக் கத்தியது. அவள் காதிலேயே வாங்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

“வயசானவங்க நடந்து வர்ற சந்தைன்னு... அது நீ சொன்னதா?”

“ஆமா. ஏன்?”

“அதுக்கு எனக்கும் பதில் தெரியலடா.”

தம்பி காலாலேயே ஒரு ஸ்டூலை அண்ணன் பக்கம் தள்ளினார். அண்ணன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, தெருவை அகலப்படுத்தினால் சந்தை இருந்த இடத்திலேயே இருக்கலாமா என்று ஒருவர் கேட்க, யார் வீட்டை இடிப்பாய் என்று மற்றவர் கேட்க, குரல்கள் மறுபடி உயர்ந்தன. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

வாசலில் மகள் நின்றாள். கடையில் ஒருவர் கண் சோதிக்கக் காத்திருப்பதாகச் சொன்னாள்.

“அவர் இருக்கட்டும். என்கிட்ட சித்தப்பா கட்சி, சித்தப்பாகிட்ட என் கட்சி. உண்மையில நீ எந்தப் பக்கம்?”

“இன்னும் முடிவு பண்ணலப்பா” என்றாள் அவள். “நாளைக்கும் ஃபிரேமை நீங்களே எடுத்துக்கிட்டு வாங்க. ரெண்டு பேரும் நேர்ல பேசறதைக் கேட்டுட்டுச் சொல்றேன்.”