வடம் பிடிக்க ஆளில்லை

வடம் பிடிக்கப் பதினோரு பேர்தான் நின்றார்கள். தேர் இம்மியும் அசையவில்லை. விழாக் கமிட்டித் தலைவர் செல்லப்பாண்டி வெறிச்சோடிக் கிடந்த தெருவைப் பார்த்தார்.

"மானங்கெட்ட சனம்," என்று காறித் துப்பினார். "ஸ்காட்லாந்துல ஆம்பளைக கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கிட்டு ஆடுற திருவிழா. பாட்டன் காலத்து வழக்கம் அழிஞ்சிரக்கூடாதுன்னு ஊர் ஊரா போஸ்டர் ஒட்டி ஆள் கூப்பிடுறான். அம்புட்டும் நம்ம சிவகாசியிலதான் அடிக்கிறோம். இங்கன மாரியாத்தா தேரை இழுக்க நாதியில்ல."

பூசாரி சங்கிலிமுத்து தெருப் பக்கமிருந்து வந்து நின்றார்.

"வீடு வீடாப் போயி இழுத்துட்டு வாரும். குடிச்சுப்போட்டுக் கெடப்பானுக."

"போயிட்டுத்தான் வாரேன் முதலாளி. வீட்டுல கெழடுகதான் இருக்கு."

"மத்தவனெல்லாம் எங்கன தொலைஞ்சான்?"

"உங்க பிரஸ்லதான் இருக்காக. ஸ்காட்லாந்து போஸ்டர் லோடு ஏறுற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக்கூடாதுன்னு காலையில நீங்கதான கேட்டைப் பூட்டுனீக. சாவி உங்க மடியிலதான் இருக்கு."

செல்லப்பாண்டி மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"லோடு முக்கியம் பூசாரி," என்றார். "ஆத்தா எங்க போயிரப் போறா?"