கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஓர் அழைப்பு

“மேடம், கம்ப்யூட்டர் பிரிவிலேர்ந்து பேசுறேன். உங்க லேப்டாப்ல வைரஸ் புகுந்திருக்கு. புது பாதுகாப்பு மென்பொருளை உடனே போடணும்.”

கண் மருத்துவமனையின் பதிவாளர் அம்மா லேப்டாப்பை அருகே இழுத்துக்கொண்டார். நாளை அறுவை சிகிச்சைக்கு வரும் நாற்பது பேரின் அறிக்கைகளும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன.

“எதுவும் அழிஞ்சுடாதில்ல, தம்பி?”

“நான் சொல்றபடி செஞ்சா அழியாது. அனுப்பின லிங்க்கைத் திறங்க. பழைய பாதுகாப்பை முதல்ல நிறுத்துங்க.” பேசும்போதே அவனுக்கு இருமல் வந்தது. லேசில் நிற்கவில்லை.

“எத்தனை நாளா இப்படி இருமுறீங்க?”

“பத்து நாளா, மேடம். அதை விடுங்க. டவுன்லோடு ஆயிடுச்சா?”

“அது பாட்டுக்கு ஆகட்டும். நீங்க போய் வெந்நீர் குடிச்சுட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன். உங்க அம்மாகிட்ட சொன்னீங்களா, இல்ல மறைச்சுட்டீங்களா?”

மறுமுனையில் மறுபடி இருமல் மட்டும் கேட்டது.

“தம்பி, ‘நிறுவவா?’ன்னு கேக்குது. ‘சரி’ கொடுக்கட்டுமா?”

“வேணாம்க்கா!” குரல் தாழ்ந்தது. “கொடுக்காதீங்க. நெட்டை அணைச்சிட்டு, உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆளை நேர்ல கூப்பிடுங்க.”

பின்னால் யாரோ அவனை அதட்டினார்கள். ஏதோ விழும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

மாடியிலிருந்து ஓடிவந்த கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

“நாங்க யாரும் கூப்பிடலையேம்மா! ஒரு தட்டு தட்டியிருந்தா மொத்த ஆஸ்பத்திரியும் முடங்கியிருக்கும். கடவுள் புண்ணியத்துல தப்பிச்சீங்க.”

பதிவாளர் அம்மா அதே எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். மணி போகவே இல்லை.

“நான் தப்பிச்சேன் சார். அந்தப் பிள்ளை?”